யூஜினி கூட்டிவந்த அறுபத்துமூன்று பேர்

யூஜினி கூப்பிட்டால் ஆட்கள் வருவார்கள். மார்க்கம் வீதியில் அவள் குடியிருக்கும் பத்தொன்பது மாடிக் கட்டடத்தில் இதை மறுத்துப் பேச ஒருவரும் இல்லை. நாலாம் மாடியில் சொந்தபந்தம் இல்லாத ஒருவர் செத்துக் கிடந்தபோது, அவருடைய கடைசி மரியாதைக்கு மலர்ச்சாலைக்காரர் பக்கத்து அறையிலிருந்தும் கதிரை இழுத்துப் போடவேண்டி வந்தது. செத்தவர் ஏதோ பெரிய மனிதர் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். வந்தவர்களில் பாதிப் பேர் அந்த மனிதரின் முகத்தைப் பெட்டிக்குள்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். யூஜினி கூப்பிட்டாள், வந்தார்கள்.

அவள் பேசாலைக்காரி. மன்னார்க் கரையிலிருந்து கடல் தாண்டி, எங்கெங்கோ அலைந்து, தொண்ணூறாம் ஆண்டு பார்க்டேலில் வந்து இறங்கினாள். ஐம்பத்தெட்டு வயதாகிறது. கணவர் நீக்கிலாஸ் இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் ஒன்றில் மதிய இடைவேளையில் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொள்வது வேலை. மிச்ச நேரமெல்லாம் கட்டடத்து முதியவர்களுக்குத்தான். யாருக்குக் கண் வைத்தியர், யாருக்குப் பென்சன் கடிதம், யாருடைய வெந்நீர்க் குழாய் வேலை செய்யவில்லை என்பதெல்லாம் அவளிடம் வரும். அவள் சொல்லுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று கேட்டால் ஒரே மாதிரித்தான் பதில் கிடைக்கும். "அவ ஏலாததை ஏலுமெண்டு சொல்ல மாட்டா."

அதனால்தான் ஷரோன் கட்சி வேட்பாளராக வர ஆசைப்பட்டபோது, முதலில் தட்டிய கதவு யூஜினியுடையது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அந்தத் தொகுதியில் ஒரே கட்சிதான் எப்போதும் வெல்லும். வீடு கூட்டுகிற தும்புத்தடியை நிறுத்தினாலும் வெல்லும் என்று தமிழ்க் கடைகளில் பேசிக்கொள்வார்கள். ஆகவே நாடாளுமன்றத் தேர்தல் வெறும் சடங்கு. உண்மையான போட்டி அதற்குப் பல மாதம் முன்னால், அந்தக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதில் முடிந்துவிடும். பொதுத் தேர்தலுக்குத் தடித்த சட்டம் இருக்கிறது. யார் வாக்களிக்கலாம், எந்த அடையாளத்தைக் காட்டலாம், பெட்டியை எப்படி மூடலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. கட்சிக்குள் நடக்கும் தெரிவில் சட்டம் செலவுக் கணக்கை மட்டும் எட்டிப் பார்க்கும். கடைசியில் தலைவரோ அவர் நியமித்தவரோ கையெழுத்து வைத்தால்தான் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயருக்குக் கீழே கட்சியின் பெயர் வரும் என்று சொல்லும். அந்தத் தெரிவில் யார் வாக்களிக்கலாம், யாரை நீக்கலாம் என்பது கட்சியின் வீட்டு விவகாரம். பழைய மாணவர் சங்கத்து நிர்வாகத் தெரிவு எப்படியோ, சட்டத்தின் கண்ணில் இதுவும் கிட்டத்தட்ட அப்படி.

இதனால் பிரசாரம் என்ற சொல்லுக்கே இங்கு அர்த்தம் மாறிவிடுகிறது. மேடை தேவையில்லை, கொள்கை விளக்கமும் தேவையில்லை. குறித்த நாளுக்குள் ஆட்களைக் கட்சி உறுப்பினராகப் பதிய வேண்டும். தெரிவு நாளன்று அவர்களை மண்டபத்துக்குக் கொண்டுவந்து இறக்க வேண்டும். யாரிடம் ஆட்கள் இருக்கிறார்களோ அவர்தான் வேட்பாளர்.

யூஜினியின் சமையலறை மேசையில் ஷரோனும் ஜூலியனும் வந்து உட்கார்ந்தபோது பதிவு முடிய மூன்று நாள்தான் இருந்தது. ஷரோன் மருந்துக்கடை வைத்திருப்பவள். குருநகர்க் குடும்பம், பிறந்தது ஸ்காபரோவில். முதியவர்களுடைய படிவங்களைக் கடையின் பின்னறையில் இருந்து சும்மா நிரப்பிக் கொடுப்பாள். யூஜினிக்கு அவள்மேல் பிடிப்பு வந்தது அதனால்தான். ஜூலியன் அவளுடைய பிரசாரத்தை நடத்துபவன். முப்பது வயது, மடிக்கணினியை மூடத் தெரியாதவன்.

"அன்ரி, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஃபோன் நம்பர் வேணும். அதுக்கு ஒரு கோட் வரும். கோட்டை அடிச்சாத்தான் மெம்பர்," என்றான் ஜூலியன்.

"இரத்தினவேல் அண்ணையிட்ட இருக்கிறது சுவரில கொழுவின ஃபோன். அதில கோட் வராது தம்பி. மகன்ர குரலே ஞாயிற்றுக்கிழமைதான் வரும்."

"அப்ப அவர் வேற என்ன நம்பர் குடுக்கிறவர்?"

"என்ர நம்பர்தான்." யூஜினி தேநீரை அவன் பக்கம் நகர்த்தினாள். "அவருக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் என்ர நம்பர்தான். பென்சனுக்கு அதுதான். கண் டொக்டருக்கு அதுதான். கோயில் அர்ச்சனைக்கும் அதுதான், நான் வேதக்காரி எண்டு ஐயருக்குத் தெரிஞ்சும்."

இது பார்க்டேல் காலத்துப் பழக்கம். ஒரு வீட்டில் ஒன்பது பேர், ஒரு தொலைபேசி. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவள் அவள் ஒருத்திதான். படிவத்தில் 'தொலைபேசி' என்ற கட்டம் வந்தால் அந்த இலக்கத்தை எழுதினார்கள், அவள் எடுத்துப் பேசினாள். வீடு மாறியது, ஆட்கள் மாறினார்கள், பழக்கம் மாறவில்லை. அதைப் பொய் என்று ஒருவரும் நினைத்ததில்லை. இலக்கம் என்றால் கூப்பிட்டால் யாராவது எடுப்பதற்குத்தானே?

ஜூலியன் ஒரே இலக்கத்தை இரண்டு பேருக்குப் போட்டுப் பார்த்தான். பிறகு மூன்றாவது ஆளுக்கும்.

"சிஸ்டம் எடுக்குது," என்றான். "ரூல்ஸில 'மெம்பர் தானே ரெஜிஸ்டர் பண்ண வேணும்' எண்டு ஒரு லைன் இருக்கு. பட் இது எடுக்குது."

ஷரோன் எட்டித் திரையைப் பார்த்தாள். "பிரச்சினை வராதோ ஜூலியன்?"

"ஏன் வரும்? தே ஆர் றியல் பீப்பிள். இந்த பில்டிங்கில இருக்கிற ஆக்கள்."

"ஓம்," என்றாள் ஷரோன். "அது உண்மைதானே. போடுங்கோ."

அந்த மூன்று நாளும் யூஜினி எலிவேற்றருக்குள்தான் வாழ்ந்தாள். கையில் கைத்தொலைபேசி, தோளில் ஜூலியனுடைய மடிக்கணினி. கதவைத் தட்டுவாள், இது என்ன என்று விளக்குவாள், சம்மதம் கேட்பாள், குறுஞ்செய்தியில் வரும் கோட் இலக்கத்தை அவர்கள் முன்னாலேயே தட்டுவாள். யாரையும் கேட்காமல் பதிந்ததில்லை. வேண்டாம் என்றவர்களைத் திரும்பக் கேட்டதுமில்லை.

பதினோராம் மாடியில் இரத்தினவேல் கதவைத் திறந்தபடியே விசாரணையை ஆரம்பித்தார். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் வேலை பார்த்தவர், எழுபத்தொன்பது வயது.

"தேர்தலுக்கு வோட் போடுறது தெரியும். உது என்ன பிள்ளை, தேர்தலுக்கு முதல் தேர்தல்?"

"ஆரை நிப்பாட்டுறதெண்டு முடிவெடுக்கிற வோட் அண்ணை. எங்கட ஷரோன் கேக்கிறா."

"மருந்துக்கடைப் பிள்ளையோ? நல்ல பிள்ளை. எத்தினை பேர் சேர்ந்திருக்கினம்?"

"உங்களோட அறுபத்துமூண்டு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "வேதக்காரப் பிள்ளை இருந்து நாயன்மாரைச் சேர்த்து முடிச்சிட்டாய்! சரி, நானும் ஒரு மூலையில நிக்கிறன்." பிறகு சிரிப்பு நின்றது. "அங்க உள்ளுக்கு விடுவினம்தானே? குளிருக்குள்ள நிண்டு திரும்பி வர என்னால ஏலாது."

"நான் சொல்லுறன் அண்ணை. உங்கட பேர் அங்க இருக்கும். நீங்கள் வாங்கோ."

இதே சொல்லைத்தான் அறுபத்துமூன்று பேருக்கும் கொடுத்தாள்.

யூஜினியின் பக்கத்து வீட்டு ஸபீரா சேரவில்லை. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து, அங்கிருந்து துரத்தப்பட்டு, புத்தளத்து அகதி முகாமில் பல வருடம் கிடந்து வந்தவள். நாக்கு கூர். "எனக்கு வேணாம் புள்ள. பேர் பதிய வாறவங்க சிரிக்கிற சிரிப்ப நான் கனக்கக் கண்டிருக்கன்." யூஜினியின் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "உன்னச் சொல்லல்ல. ஆனா பஸ்ஸில நானும் வாறன். இவ்வளவு கிழடுகளையும் நீ ஒருத்தி எப்பிடி ஏத்தி இறக்குற?" என்றாள்.

தெரிவு நாள் மார்கழியில் ஒரு சனிக்கிழமை. இரண்டு மஞ்சள் பள்ளிக்கூட பஸ்கள் கட்டடத்துக்கு முன்னால் வந்து நின்றன. பெண்கள் சேலைக்குமேல் குளிர்க்கோட்டு, சேலைக்குக் கீழே பனிச் சப்பாத்து. இரத்தினவேல் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கலியாண மண்டபம்தான் வாக்களிப்பு நிலையம். முதல்நாள் இரவு நடந்த கலியாணத்தின் பூ வளைவு வாசலில் அப்படியே நின்றது. அதற்குக் கீழே மேசை போட்டு, கையில் கணினித் திரைகளோடு இளம் தொண்டர்கள் இருந்தார்கள்.

இரத்தினவேல்தான் முதலில் போனார். மேசையில் இருந்த பெண் பெயரைத் தேடினாள். திரும்பத் தேடினாள். திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. "நீங்கள் கொஞ்சம் பக்கத்தில் நிற்க முடியுமா?" அடுத்தவர் அவருடைய பக்கத்து வீட்டு இராஜேஸ்வரி, அவருக்கும் சிவப்பு. அடுத்தவருக்கும் அதே. வரிசை கலைந்து பக்கச் சுவரோரம் ஒரு கூட்டமாகச் சேர்ந்தது. ஷரோனோடு போட்டியிட்டவரின் ஆட்கள் அவர்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட கட்சி அதிகாரி ஒருவர் வந்தார். குரலை உயர்த்தாத மனிதர். ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: இத்தனை பேருடைய பதிவிலும் ஒரே தொலைபேசி இலக்கம் இருக்கிறது, அதனால் எல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன.

யூஜினிக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா! "அது என்னுடைய இலக்கம்," என்றாள். "நான்தான் போட்டேன். இவர்களிடம் இப்படியான தொலைபேசி இல்லை. நான்தான் எல்லாருக்கும் பதிந்தேன்." உண்மையைச் சொன்னால் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்று நினைத்தாள். அதிகாரி அவளுடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அறுபத்துமூன்று பேரும் தாமாகப் பதியவில்லை என்பதற்கு அவருக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அந்தச் சாட்சி இப்போது அவர் முன்னால் நின்று பெயரின் எழுத்தைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது.

இரத்தினவேல் கோட்டின் உள்பையிலிருந்து பிரஜாவுரிமை அட்டை, கடவுச்சீட்டு, சுகாதார அட்டை எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினார்.

"ஐயா, நீங்கள் நீங்கள்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை," என்றார் அதிகாரி. "ஆனால் நீங்கள் எங்கள் உறுப்பினர் இல்லை."

யூஜினி மொழிபெயர்த்தாள். கிழவர் கேட்டுவிட்டு அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "அப்ப நான் பஸ்ஸில வந்த பார்சலோ?"

"பார்சலெண்டாக் கையெழுத்து வெச்சி உள்ளுக்கு எடுத்திருப்பாங்க," என்றாள் ஸபீரா.

சிலர் சிரித்தார்கள். கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

ஜூலியன் வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடினான். ஷரோன் உள்ளே பேசவேண்டிய நேரம், வெளியே வர முடியவில்லை. மேலிடத்தில் கேட்கிறார்கள், பொறுங்கள் என்று சொன்னார்கள். பஸ்ஸுக்குள் போய்ப் பொறுத்தார்கள். சாரதி சூடாக்கியை இடைக்கிடைதான் போட்டான், எரிபொருள் பற்றி முணுமுணுத்தான். இராஜேஸ்வரிக்குச் சீனி வருத்தம், அடிக்கடி போகவேண்டும். கழிப்பறைகள் மண்டபத்துக்கு உள்ளே, உறுப்பினர் வாசலுக்கு அப்பால். ஸபீரா அவரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வாசலில் சண்டை பிடித்து உள்ளே விடச் செய்தாள். ஆனால் சண்டை முடிவதற்குள் நேரம் பிந்திவிட்டது. திரும்பி வந்து இராஜேஸ்வரி கோட்டை இழுத்து மூடிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பி இருந்தார். யூஜினி பக்கத்தில் போய் உட்காரப் போனபோது, "வேண்டாம் பிள்ளை, அங்கால இரு," என்றார்.

மாலையாகுமுன் பஸ்கள் திரும்பின. ஷரோன் நாற்பதுக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றாள். பஸ்களில் திரும்பிப் போன அறுபத்துமூன்று பேரைப் பற்றி அறிவித்தவர் எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. மேன்முறையீடு கட்சியின் குழுவிடம்தான் செய்ய வேண்டும். குழு ஒரே வாரத்தில் நிராகரித்தது. நீதிமன்றம் போகலாமா என்று கேட்டபோது வழக்கறிஞர் உதட்டைப் பிதுக்கினார். கட்சி தன் வீட்டுக்குள் எடுத்த முடிவு, நீதிபதிகள் அந்தக் கதவைத் தட்டத் தயங்குவார்கள், தட்டினாலும் அதற்குள் தேர்தலே முடிந்துவிடும் என்றார். தமிழ் வானொலி ஒன்று 'போலி உறுப்பினர் விவகாரம்' என்று அரை மணி நேரம் நேயர்களோடு பேசியது. ஒரு நேயர், செத்தவர்களின் பெயரையும் பதிந்திருக்கிறார்களாம் என்றார். தொகுப்பாளர் "அப்படியா!" என்றார். யூஜினி அன்று அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்துப் போயிற்று.

போலி என்ற சொல்தான் அவளைத் தின்றது. தோல்வி பெரிதில்லை. தன்னைப் பற்றி என்ன சொன்னாலும் சகித்திருப்பாள். ஆனால் அந்த அறுபத்துமூன்று பேரும் கதவுக்குக் கதவு உயிரோடு இருக்கிறார்கள். அவள் சொல்லை நம்பிக் குளிருக்குள் வந்தவர்கள். அவர்கள் இருக்கிறார்கள் என்று யாராவது ஒருவர் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். அது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

தை மாதத்தில் ஷரோன் அவளை மருந்துக்கடையின் பின்னறைக்குக் கூப்பிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அன்ரி, வேற ஒரு தொகுதியில என்னை நிப்பாட்டலாமெண்டு கட்சியில கதைக்கினம். தலைவர் சைன் வைக்கிறதெண்டா, இந்த விஷயத்தில நான் கிளீன் எண்டு காட்ட வேணுமாம். ஒரு ஸ்டேட்மென்ற் விடச் சொல்லினம்."

"என்னெண்டு?"

"ஒரு தொண்டர், காம்பெயினுக்குத் தெரியாமல் செய்தவ எண்டு."

பின்னறையில் குளிர்ப்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. யூஜினி கதிரையை ஷரோனுக்குக் கிட்ட இழுத்தாள்.

"உனக்குத் தெரியும்தானே பிள்ளை. நீ என்ர மேசையில இருந்தனி."

"ஓம் அன்ரி." ஷரோன் நிமிரவில்லை. "எனக்குத் தெரியும். நீங்கள் ஏலாதெண்டு சொன்னா நான் அந்த ஸ்டேட்மென்ற்றை விடமாட்டன்."

இந்தக் கடைசி வரி உண்மையாக இருந்திருக்கலாம். யூஜினி அதைச் சோதிக்க விரும்பவில்லை. "என்ர பேரைப் போட்டாலும் பறவாயில்லை," என்றாள். "ஒண்டு மட்டும் எழுது. அந்த ஆக்கள் எல்லாரும் உண்மையான ஆக்கள், தாங்களாகச் சம்மதிச்சு வந்தவை எண்டு. ஒரு வரி காணும்."

"கட்டாயம் அன்ரி. அது என்ர கடமை."

அறிக்கை வெள்ளிக்கிழமை வந்தது. யூஜினி மதிய வேலைக்கு நடுவில் பள்ளிக்கூடப் படிக்கட்டில் நின்று வாசித்தாள். 'ஒரு தன்னார்வத் தொண்டர்' இருந்தார். 'எமக்குத் தெரியாமல்' இருந்தது. 'ஜனநாயகத்தின் நேர்மை' இரண்டு இடத்தில் இருந்தது. அந்த ஒரு வரி இல்லை. கீழேயிருந்து மேலே ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். ஷரோன் தொலைபேசி எடுக்கவில்லை. ஜூலியன் எடுத்தான்.

"லைன் இருந்தது அன்ரி, நான்தான் ட்ராஃப்ட் பண்ணினன். கட்சி லோயர் எடுத்திட்டார். அவை றியல் எண்டா, ஏன் வெளியில விட்டனீங்கள் எண்டு கேள்வி வருமாம்."

"அப்ப கேள்வி வரவேண்டியதுதானே தம்பி."

"சொறி அன்ரி," என்றான்.

அதன் பிறகு முதியவர்களின் பிள்ளைகள் கூப்பிடத் தொடங்கினார்கள். அஜக்ஸிலிருந்து, விட்பியிலிருந்து, மிகவும் மரியாதையாக. இரத்தினவேலின் மகன் வினோதன் பேசியது மாதிரித்தான் எல்லாரும் பேசினார்கள்.

"அன்ரி, பிழையா நினைக்காதேங்கோ. அப்பான்ர பேர் எங்கயோ ஃபேக் லிஸ்டில நிக்குதெண்டு சொல்லினம். பென்சனுக்கு ஏதும் வருமோ எண்டு பயமா இருக்கு. இனி அவற்ற ஃபோமுகளில என்ர நம்பரைப் போடச் சொல்லுறன்."

"ஓம் தம்பி. அதுதான் சரி," என்றாள் யூஜினி.

ஒரு மாதத்துக்குள் அவளுடைய தொலைபேசி ஓய்ந்தது. வைத்திய நிலையங்கள் அவளைக் கூப்பிடவில்லை. எலிவேற்றரில் கண்டால் முதியவர்கள் காலநிலையைப் பற்றிப் பேசினார்கள். இராஜேஸ்வரி அவளைக் கண்டால் அடுத்த எலிவேற்றருக்கு நின்றார். ஸபீரா மட்டும் வழமைபோல் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். "நான் அப்பவே சொன்னன் எண்டு ஒரு நாளைக்குச் சொல்லாம இருக்கிறதுக்கு எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா?" என்றாள்.

வசந்தத்தில் தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஷரோனுக்கு மற்றத் தொகுதியும் கிடைக்கவில்லை. தலைவர் வேறு யாருக்கோ கையெழுத்து வைத்துவிட்டார். மார்க்கம் வீதி முழுக்க கட்சித் தெரிவில் வென்றவரின் பெயர் அட்டைகள் முளைத்தன.

தொலைபேசி மறுபடி அடிக்கத் தொடங்கியது. முதல் அழைப்பில் ஒரு பதிவுக் குரல் ஆங்கிலத்தில் இரத்தினவேலுக்கு வணக்கம் சொல்லி, கட்சிக்கு வாக்குக் கேட்டது. வைத்து முடிய, அடுத்தது இராஜேஸ்வரிக்கு வணக்கம் சொன்னது. பிறகு ஆறாம் மாடிப் பொன்னம்பலத்துக்கு. அன்று பகல் முழுக்க ஒவ்வொருவராக அவளுடைய கைக்குள் வந்து வணக்கம் வாங்கிப் போனார்கள். உறுப்பினர் பட்டியலிலிருந்து வெட்டிய கட்சி, பெயர்களையும் இலக்கத்தையும் பிரசாரப் பட்டியலில் பத்திரமாக வைத்திருந்தது. நிறுத்தலாமா என்று யூஜினி விசாரித்தாள். கம்பளத்தைச் சுத்தம் செய்யவா, குழாயைத் திருத்தவா என்று கேட்டு வரும் விற்பனை அழைப்புகளுக்குத் தடைப் பட்டியல் உண்டு. கட்சிகளை அந்தப் பட்டியல் கட்டுப்படுத்தாது.

வாக்களிப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது இரத்தினவேல் அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். வீட்டு வாடகைக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது, மகனுக்குச் சொல்லவேண்டாம், வந்து வாசித்துச் சொல் என்றார். பின்னேரம் ஆறு மணி போலப் போனாள். கண்ணாடியைப் போட்டு உறையைக் கிழிக்கும்போது கதவு தட்டப்பட்டது.

பிரசாரக்காரர்கள். வேட்பாளரின் ஆட்கள் பகலிலும் முன்னிரவிலும் மாடிக் கட்டடங்களுக்குள் வருவதை வீட்டுக்காரர் தடுக்க முடியாது. அதற்கும் சட்டம் இருக்கிறது. ஒரு வெள்ளைக்கார இளைஞனும், இருபது வயது மதிக்கத்தக்க தமிழ்ப் பெண்ணும் நின்றார்கள். பெண்ணின் கையில் திரை.

"வணக்கம் அங்கிள். மிஸ்டர் இரத்தினவேல் நீங்கள்தானே?"

அவருடைய பெயரை அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். கிழவர் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார். திரும்பி யூஜினியைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"அப்பிடி ஒரு ஆள் இங்க இல்லை."

"எங்கட லிஸ்டில இந்த அட்றஸ்தான் இருக்கு அங்கிள்."

"லிஸ்டில இருக்கலாம். ஆள் இல்லை."

"அப்ப நீங்கள்?"

"நான் பார்சல்," என்றார் இரத்தினவேல்.

பெண்ணுக்கு விளங்கவில்லை. உள்ளே இருந்த யூஜினியை உதவிக்குப் பார்த்தாள். "அன்ரி, உங்களுக்குத் தெரியுமோ? இந்த மாடியில கன பேர் எங்கட லிஸ்டில இருக்கினம். ஆனா எல்லாருக்கும் ஒரே நம்பர் கிடக்குது. கூப்பிட்டா ஒரு அன்ரி எடுத்து ஒண்டும் கதைக்காமல் வைக்கிறா."

யூஜினியின் நாக்கில் பதில் இருந்தது. இவர்தான் இரத்தினவேல். பக்கத்துக் கதவில் இராஜேஸ்வரி. அதற்கடுத்ததில் புருசனும் பெண்சாதியும், இரண்டு பேரும் வந்தவர்கள். எல்லாரும் இருக்கிறார்கள், நான் ஒவ்வொருவராகக் காட்டுகிறேன் வா. நாலு மாதமாகக் கட்சியில் ஒருவராவது வந்து கேட்கமாட்டார்களா என்று அவள் காத்திருந்த கேள்வி அது. கேட்பதற்கு ஆளும் வந்தாயிற்று, மரியாதையாகவும் கேட்டாயிற்று.

இரத்தினவேல் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். கெஞ்சவில்லை. அவருடைய தாடை மட்டும் இறுகியிருந்தது, அன்று மேசையிலிருந்து அட்டைகளைப் பொறுக்கும்போது இறுகிய மாதிரி.

"எனக்கு ஒருத்தரையும் தெரியாது பிள்ளை," என்றாள் யூஜினி.

பெண் திரையில் தட்டினாள். 'இடம் மாறிவிட்டார்' என்பதைப் போல ஏதோ ஒரு கட்டம் இருந்திருக்கும். நன்றி சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார்கள். கிழவர் கதவைச் சாத்தினார், ஆனால் கதவடியிலேயே நின்றார். இராஜேஸ்வரியின் கதவு தட்டப்பட்டது. உள்ளே தொலைக்காட்சியில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் சட்டென்று குறைந்தது. கதவு திறக்கவில்லை. அடுத்த வாசல். அங்கேயும் சத்தம் அடங்கியது. தட்டுதல் நடைபாதையில் தூரமாகிக்கொண்டு போக, அதற்கு முன்னால் முன்னால் ஒவ்வொரு வீடாக அடங்கிக்கொண்டு போயிற்று.

யூஜினி கிழித்த உறையோடு இருந்தாள். எந்தச் சத்தம் யாருடைய வீட்டில் நின்றது என்று அவளுக்குத் தெரிந்தது.